சுங்கவரி உள்ளூர் விவகாரம்: அமெரிக்கக் கட்சிகள் எந்தத் தையலில் பிரிகின்றன?

சுருக்கெழுத்தர் | 8 நவம்பர் 2025, காலை 7:10

அக்டோபர் கடைசியில் அமெரிக்க செனட் மூன்று நாள் அடுத்தடுத்து டிரம்பின் வரிகளுக்கு எதிராக வாக்களித்தது. 28ஆம் தேதி பிரேசில் வரி, 52-48. 29ஆம் தேதி கனடா வரி, 50-46. 30ஆம் தேதி உலகம் முழுவதற்குமான வரி, 51-47. அந்தச் சபையில் பெரும்பான்மை அவருடைய குடியரசுக் கட்சிக்குத்தான். சொந்தக் கட்சிக்காரர்கள் நான்கு பேர் எதிர்ப்பக்கம் போனார்கள், பிரேசிலுக்கு மட்டும் ஐந்து பேர். நம் ஊர்ச் செய்திகளில் 'டிரம்புக்குப் பின்னடைவு' என்று ஒரு வரியோடு முடிந்துவிட்டது.

எனக்கு 1880தான் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜெனரல் ஹான்காக். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் குண்டடி பட்டவர், அரசியலுக்குப் புதுசு. நியூஜெர்சியில் பேட்டர்சன் என்ற ஊர்ப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கும்போது, சுங்கவரி என்பது உள்ளூர் விவகாரம் என்று சொல்லிவிட்டார். நாடே சிரித்தது. மத்திய அரசின் வருமானத்தில் பாதிக்கு மேல் சுங்கத்திலிருந்தே வந்த காலம் அது. இந்த மனிதருக்கு ஒரு எழவும் தெரியாது என்று கேலிச்சித்திரம் போட்டுத் தீர்த்தார்கள். குடியரசுக் கட்சியின் கார்ஃபீல்டிடம் தோற்றும் போனார், நாடு முழுக்க வித்தியாசம் 10,000 ஓட்டுக்கும் குறைவு.

அவர் சொன்னது சரி என்பதுதான் என் வாதம். 'பாதுகாப்பு வரி வேண்டும்' என்ற கொள்கையில் ஒரு கட்சி முழுசாக நிற்கும். வரிப்பட்டியலைப் பிரித்துக் கம்பளி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று படிக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு தொகுதி உட்கார்ந்திருக்கும். கட்சி கிழிவது அங்கேதான். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

வாத்தியார் மகன் | 8 நவம்பர், காலை 8:02

ஐயா, ஒரு அடிப்படைச் சந்தேகம். கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகாதா? நாலு பேர் எப்படி இவ்வளவு தைரியமாக?

சட்டம் பாதி | 8 நவம்பர், காலை 8:40

போகாது தம்பி. நம்மிடம் இருக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது, அந்த மாதிரி ஒன்று அங்கே கிடையவே கிடையாது. கொறடா என்று ஒருவர் இருப்பார், தலையை எண்ணுவார், கெஞ்சுவார், கமிட்டிப் பதவியைக் காட்டி மிரட்டுவார், அவ்வளவுதான். வேட்பாளர் யார் என்பதையும் கட்சித் தலைமை முடிவு செய்வதில்லை. கட்சிக்குள்ளேயே நடக்கும் முதல்நிலைத் தேர்தலில் வாக்காளர்கள் முடிவு செய்கிறார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு வேடிக்கை. செனட்டில் நிறைவேறினால் பிரதிநிதிகள் சபையிலும் ஓட்டுக்கு வரவேண்டும் அல்லவா? டிரம்ப் இந்த வரிகளை நெருக்கடி நிலை அறிவித்துத்தான் போட்டார். தேசிய நெருக்கடி நிலைச் சட்டப்படி, அதை எதிர்த்து இப்படி ஒரு தீர்மானம் வந்தால் இத்தனை நாளுக்குள் எடுத்தாக வேண்டும் என்று கெடு உண்டு. குடியரசுக் கட்சித் தலைமை மார்ச் மாதம் ஒரு விதி போட்டது. இந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை எந்த நாளும் 'நாள்' என்ற கணக்கில் வராது என்பது அந்த விதி. சூரியன் உதிக்கும், மறையும், காலண்டரில் தேதி கிழியாது! சொந்தக் கட்சிக்காரர்கள் கனடா வரிக்கு ஆதரவாகவோ எதிராகவோ கைதூக்கும் தர்மசங்கடம் வரக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

சுருக்கெழுத்தர் | 8 நவம்பர், மாலை 6:25

காலண்டர் விஷயத்தை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி, சட்டம் பாதி. தலைமை ஓட்டெடுப்பைக் கண்டு பயப்படக் காரணம் இருக்கிறது. 1909இல் ஓட்டெடுப்பு நடந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லியம் டாஃப்ட் 1908இல் அதிபராகத் தேர்வானார். வரியைத் திருத்துவோம் என்பது கட்சியின் வாக்குறுதி. 'திருத்தம்' என்றால் குறைப்பது என்று மத்திய மேற்கு மாநிலத்து மக்கள் எடுத்துக்கொண்டார்கள். பிரதிநிதிகள் சபையில் பேய்ன் கொண்டுவந்த மசோதா ஓரளவு குறைக்கத்தான் செய்தது. செனட்டுக்குப் போனதும் ரோட் ஐலண்ட் செனட்டர் ஆல்ட்ரிச் கையில் மாட்டியது. 847 திருத்தங்கள். பலதும் ஏற்றம். நியூ இங்கிலாந்து ஆலைகளுக்கு வேண்டியதெல்லாம் சந்தடியில்லாமல் உள்ளே வந்தது.

அயோவாவின் டாலிவர், கம்மின்ஸ், விஸ்கான்சினின் லா ஃபாலெட், இண்டியானாவின் பெவரிட்ஜ், கான்சஸின் பிரிஸ்டோ, எல்லோரும் அதே கட்சி செனட்டர்கள். இவர்கள் பட்டியலைப் பங்கு போட்டுக்கொண்டு இரவெல்லாம் படித்தார்கள். நீ இதைப் படி, நான் அதைப் படிக்கிறேன் என்று. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு முன்னாடி பாடத்தைப் பிரித்துக்கொள்வோமே, அப்படி. காலையில் சபைக்கு வந்து வரிக்கு வரி கேள்வி கேட்டார்கள். பதில் சொல்ல ஆல்ட்ரிச்சுக்குப் பழக்கமில்லை. அதுவரை யாரும் கேட்டதில்லை.

எனக்குப் பிடித்தது பிரிஸ்டோவின் சர்க்கரை. இறக்குமதி சர்க்கரைக்கு வரி போட ஒரு நிறச் சோதனை இருந்தது, 'டச்சு அளவு' என்பார்கள். முத்திரையிட்ட கண்ணாடிப் புட்டிகளில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மாதிரி சர்க்கரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். வரும் சர்க்கரையை 16ஆம் எண் புட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதைவிட வெளுப்பாக இருந்தால் சுத்திகரித்த சர்க்கரைக்கான வரி. நம் ஊர் நாட்டுச் சர்க்கரை மாதிரி வெளிர் பழுப்பில் வருவதைக்கூட ஒரு குடும்பம் நேரடியாக வாங்கித் தின்ன முடியாதபடி, எல்லாம் சர்க்கரை ஆலைக் கூட்டணியின் வழியாகவே போகும்படி அந்தப் புட்டி பார்த்துக்கொண்டது. கான்சஸ்காரர் இதைச் சபையில் எடுத்து விளக்கியபோது, நாடு முதல் தடவையாகச் 'சுங்கவரி' என்பதை ஒரு புட்டியாகப் பார்த்தது.

ஜூலையில் செனட் ஓட்டெடுப்பில் குடியரசுக் கட்சியின் 10 பேர் எதிர்த்தார்கள். கடைசி வடிவத்திலும் 7 பேர். டாஃப்ட் ரத்து செய்திருக்கலாம். ஆகஸ்ட் 5 கையெழுத்துப் போட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பார். செப்டம்பரில் ரயிலேறி மேற்கே சுற்றுப்பயணம் போனார். மினசோட்டாவில் வினோனா என்ற ஊர். அந்தத் தொகுதி டானி என்பவருடையது. மினசோட்டாக் குடியரசுக் கட்சியினரில் அந்த மசோதாவின் கடைசி வடிவத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவரே, அவரைக் கைதூக்கிவிடுவதற்காகப் போனது. பேச்சை ரயிலில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் அவசரமாகச் சொல்லி எழுதவைத்தார், இலக்கணத்தைச் சரிசெய்யும் அளவுக்குத்தான் மேலோட்டமாகப் பார்த்தார். இது அவரே பின்னால் ஒப்புக்கொண்டது. அந்தப் பேச்சில்தான் இது குடியரசுக் கட்சி நிறைவேற்றிய வரிச் சட்டங்களிலேயே சிறந்தது என்று சொன்னார். வரியை எதிர்த்துக் கொதித்துக்கொண்டிருந்த மாநிலத்தின் நடுவில் நின்றுகொண்டு!

அடுத்த வருஷம் முதல்நிலைத் தேர்தலில் டானியைச் சொந்தக் கட்சி வாக்காளர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். 1910இல் பிரதிநிதிகள் சபை கைவிட்டுப் போனது. 1912இல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தனிக்கட்சி தொடங்கினார். பதவியிலிருந்த அதிபர் டாஃப்ட்டுக்கு 8 தேர்வாளர் ஓட்டு, வெர்மான்ட், யூட்டா இரண்டே மாநிலம். ரூஸ்வெல்ட்டுக்கு 88. ஜனநாயகக் கட்சியின் வில்சனுக்கு 435, அதுவும் மக்கள் ஓட்டில் நூற்றுக்கு 42ஐக்கூட எட்டாமல்.

ரூஸ்வெல்ட்டின் பிரிவுக்கு வரி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். காட்டு நிலத் தகராறு, இரண்டு பேருக்கும் இருந்த தனிப்பட்ட கசப்பு, எல்லாம் உண்டு. முதல் கிழிசல் மட்டும் வரிப்பட்டியலில்.

நடுநிலை நாயகம் | 8 நவம்பர், இரவு 9:15

சுருக்கெழுத்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு இவ்வளவு நீளமா? 😀

1930 ஸ்மூட்-ஹாலி சட்டத்தை விட்டுவிட்டீர்களே. அமெரிக்கப் பொருளாதாரத்தைக் கவிழ்த்துப் பெருமந்தத்தைக் கொண்டுவந்ததே அந்த வரிதானே.

வெள்ளிக்கிழமைச் சந்தை | 8 நவம்பர், இரவு 10:48

கொண்டுவரவில்லை. பங்குச் சந்தை விழுந்தது 1929 அக்டோபர். அதிபர் ஹூவர் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டது 1930 ஜூன் 17. ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தவன் காலில் கல்லைக் கட்டியது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 1,028 பொருளாதார அறிஞர்கள் கையெழுத்திட்டு வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள், கேட்கவில்லை.

ஆனால் இழையின் விஷயத்துக்கு வந்தால் 1930 ஒரு தங்கச் சுரங்கம். ஹூவர் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டியது விவசாயிகளுக்காக. விலை வீழ்ந்து கிடந்தது, விளைபொருளுக்கு வரி உயர்த்திக் கொஞ்சம் தூக்கிவிடலாம் என்று. பட்டியல் திறந்ததும் ஆலைக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். பென்சில்வேனியாவின் கிரண்டி என்ற ஆலை அதிபர், வரி உயர்வுக்காகத் தரகு வேலை பார்த்தவர், 1929 டிசம்பரில் செனட்டராகவே நியமிக்கப்பட்டார். பின்தங்கிய மாநிலங்களெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு விசாரணைக் குழுவின் முன்னாலேயே பேசியவர். அதே கட்சியின் மோசஸ், மேற்கத்திய செனட்டர்களைக் காட்டுக் கழுதைக்குப் பிறந்தவர்கள் என்றார். ஒரே கட்சிக்குள்ளே நடந்த பேச்சு இது.

செனட்டில் 44-42. குடியரசுக் கட்சியின் 11 பேர் எதிர்த்தார்கள். காப்பாற்றியது ஜனநாயகக் கட்சியின் 5 பேர். அந்த ஐந்து பேர் யார் தெரியுமா? ஃப்ளோரிடாவிலிருந்து இருவர், வயோமிங்கிலிருந்து ஒருவர், லூசியானாவிலிருந்து இருவர். லூசியானா என்றால் கரும்பு. அந்த இருவரில் ஒருவர் ரான்ஸ்டெல்.

இப்போது 1913க்குப் போங்கள். வில்சன் வந்து வரியைக் குறைக்கும் அண்டர்வுட் சட்டத்தைக் கொண்டுவந்தார், சர்க்கரையை வரியில்லாப் பட்டியலுக்கு நகர்த்தியது அது. செனட்டில் ஜனநாயகக் கட்சி முழுக்க ஆதரவு, இரண்டே பேர் எதிர்ப்பு, இரண்டு பேரும் லூசியானா. அதில் ஒருவர் அதே ரான்ஸ்டெல்! 17 வருஷ இடைவெளியில் இரண்டு தடவை கட்சிக்கு எதிராக நின்றிருக்கிறார். வரியைக் குறைத்தபோதும் எதிர்த்தார், ஏற்றியபோது ஆதரித்தார். மனிதர் கட்சியை மாற்றவில்லை, கொள்கையை மாற்றவில்லை, கரும்பையும் மாற்றவில்லை.

சுருக்கெழுத்தர் | 9 நவம்பர், காலை 6:50

வெள்ளிக்கிழமைச் சந்தை, கையைக் கொடுங்கள். ஹான்காக்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நடுநிலை நாயகத்துக்கு: சரி, குறைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். 1909 சண்டையில்தான் அமெரிக்காவின் இன்றைய வருமான வரி பிறந்தது. கிளர்ச்சிக்காரர்களும் ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து மசோதாவில் வருமான வரியை நுழைக்கப் பார்த்தார்கள். அதைத் தள்ளிப்போட ஆல்ட்ரிச் பக்கம் ஒரு தந்திரம் செய்தது: அரசியல் சட்டத் திருத்தமாகவே அனுப்பிவிடுவோம், மாநிலங்கள் எங்கே ஏற்கப்போகின்றன என்று. 1913 பிப்ரவரியில் ஏற்றுவிட்டன. சுங்கத்தை நம்பி நடந்த அரசு அதன் பிறகு வேறு அரசாகிவிட்டது. இப்போது டிரம்ப் வருமான வரிக்குப் பதில் சுங்கவரி என்று பேசும்போதெல்லாம் எனக்கு ஆல்ட்ரிச்சின் முகம்தான் வருகிறது.

அயோவா அண்ணாச்சி | 9 நவம்பர், காலை 9:30

நான் டி மாயினுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் 14 வருஷமாக இருக்கிறேன். உங்கள் டாலிவரும் கம்மின்ஸும் எங்கள் ஊர்க்காரர்கள் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்து நிலத்துக்காரர் பெரியவர், மக்காச்சோளமும் சோயாவும் மாற்றி மாற்றிப் போடுவார். 2018இல் சீனா சோயாவுக்கு 25 சதவீதம் வரி போட்டபோது விலை சரிந்தது. பிறகு அரசாங்கம் நிவாரணக் காசோலை அனுப்பியது, நாடு முழுக்க இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 28 பில்லியன் டாலர் அறிவித்தார்கள். இந்த வருஷம் மே மாதத்திலிருந்து சீனா புது சோயா வாங்குவதையே நிறுத்தியிருந்தது. அறுவடை சமயத்தில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பெரிய தகரக் குதிர் ஒன்று இருக்கிறது, இரண்டு மாடி உயரம். அதன் சுவரைக் கைமுட்டியால் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே போனார், எதுவரை நிறைந்திருக்கிறது என்று சத்தத்தில் தெரியும். கைக்கு எட்டும் உயரம் வரை ஒரே மொத்தைச் சத்தம். வெற்றுச் சத்தமே வரவில்லை. 'வழக்கமாக இந்த நேரத்தில் பாதி போயிருக்கும்' என்றார்.

யார் மேல் கோபம் என்று கேட்டேன். சீனா மேல், பிரேசில் மேல், உர விலை மேல். டிரம்ப் மேல் இல்லை. 'அவர் சரி பண்ணுவார்.' இப்போது அக்டோபர் 30 பேச்சுவார்த்தைக்குப் பிறகு வருஷ முடிவுக்குள் 12 மில்லியன் டன் வாங்குவதாகச் சீனா சொல்லியிருப்பதாக அறிவிப்பு. அதைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

அதனால் உங்கள் 'உள்ளூர் விவகாரம்' கொஞ்சம் இடிக்கிறது ஐயா. சோயா அதிகம் விளையும் மத்திய மேற்கு மாநிலங்களின் குடியரசுக் கட்சி செனட்டர்கள் யாரும் அந்த நான்கு பேரில் இல்லை. எங்கள் செனட்டர் கிராஸ்லிகூட, 92 வயது, ஏப்ரலில் ஜனநாயகக் கட்சியின் கான்ட்வெல் அம்மாவோடு சேர்ந்து, அதிபர் போடும் வரிக்கு 60 நாளுக்குள் காங்கிரஸ் ஒப்புதல் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். ஓட்டெடுப்பு வந்தபோது கட்சியோடு நின்றார்.

நடுநிலை நாயகம் | 9 நவம்பர், காலை 10:05

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 53 பேரில் 4 பேர். இதற்குப் பெயர் பிளவா? 1909 கதையை 2025க்குச் சட்டையாக மாட்டப் பார்க்கிறீர்கள், கை நுழையவில்லை.

சட்டம் பாதி | 9 நவம்பர், பகல் 12:20

நேற்று வாத்தியார் மகனிடம் முதல்நிலைத் தேர்தலை ஞாபகம் வைத்துக்கொள் என்றேனே, அது இதற்குத்தான்.

அந்த நான்கு பேரைப் பாருங்கள். மெக்கானல், ராண்ட் பால் இருவரும் கென்டக்கி. அங்கே பூர்பன் விஸ்கி. கனடா மாகாணங்கள் மார்ச் மாதம் மதுக்கடை அலமாரிகளிலிருந்து அமெரிக்கச் சரக்கை அப்படியே எடுத்துவிட்டன. சூசன் காலின்ஸ் மெய்ன் மாநிலம். அங்கே மடவாஸ்கா என்ற எல்லை ஊரில் ஒரு காகித ஆலை, ஆற்றுக்கு அக்கரையில் கனடாவிலிருந்து கூழ் குழாய் வழியாக வருகிறது. ஆற்றுக்கு அடியிலும் மேலேயும் சுங்கச்சாவடி வைத்தால் அந்த ஊர் என்னவாகும்? மர்கவ்ஸ்கி அலாஸ்கா, கனடாவைத் தாண்டாமல் தரைவழியாக மற்ற மாநிலங்களுக்குப் போகவே முடியாது. ஆக உள்ளூர்க் காரணம் நால்வருக்கும் உண்டு.

ஆனால் உள்ளூர்க் காரணம் அயோவாவுக்கும் கான்சஸுக்கும் உண்டே. வித்தியாசம் எங்கே? மெக்கானல் மறுபடி போட்டியிடப் போவதில்லை. பிரேசில் ஓட்டில் சேர்ந்த டில்லிஸும் போட்டியிடவில்லை. ராண்ட் பாலுக்கும் மர்கவ்ஸ்கிக்கும் 2028 வரை தேர்தல் இல்லை, மர்கவ்ஸ்கியின் மாநிலத்தில் கட்சி முதல்நிலைத் தேர்தல் முறையே வேறு. காலின்ஸின் மாநிலம் அதிபர் தேர்தலில் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடும் மாநிலம், அவர் டிரம்போடு ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து.

1910இல் வரியை ஆதரித்த டானியை முதல்நிலைத் தேர்தல் தண்டித்தது. இப்போது எதிர்ப்பவரைத் தண்டிக்கிறது. கத்தி அதேதான், பிடி மாறிவிட்டது.

சுருக்கெழுத்தர் | 9 நவம்பர், மாலை 5:40

ஒப்புக்கொள்கிறேன். நான் ஹான்காக்கைக் கொஞ்சம் அதிகமாக நம்பிவிட்டேன்.

ஆனால் அண்ணாச்சியின் பக்கத்து நிலத்துக்காரரை யோசித்துக்கொண்டே இருந்தேன். 1909இல் அந்த மாதிரி ஒரு விவசாயிக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியும். பட்டியலைக் காங்கிரஸ் எழுதியது. கம்பளிக்கு யார் ஓட்டுப் போட்டார் என்று பேரோடு பத்திரிகையில் வந்தது. 1930 அவமானத்துக்குப் பிறகு காங்கிரஸே சலித்துப்போய் 1934இல் அதிகாரத்தை அதிபரிடம் தள்ளியது: மற்ற நாடுகளோடு பேசி 50 சதவீதம் வரை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள் என்று. அப்புறம் 1962இல் தேசப் பாதுகாப்புப் பிரிவு, 1974இல் இன்னும் இரண்டு மூன்று பிரிவுகள், 1977இல் நெருக்கடிக் காலப் பொருளாதார அதிகாரச் சட்டம். சாவியைக் குறைக்கத்தான் கொடுத்தார்கள். ஏற்றவும் அதே சாவி திறந்தது. இப்போது பட்டியல் ஒரு மனிதரின் கையில். செனட்டர் 'நானா போட்டேன்?' என்று சொல்லிக்கொள்ளலாம், போன் போட்டு ஒரு விலக்கு வாங்கிக் கொடுத்து நல்ல பேரும் எடுக்கலாம். ஓட்டுப் போடுவதைவிட அது சுகம். கிழிசல் இல்லை என்று தெரிவது, துணியை மடித்துப் பெட்டியில் வைத்திருப்பதால்.

அதனால்தான் நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாதம் முக்கியம். 1977 சட்டத்தில் வரி என்ற சொல்லே இல்லை, 'இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம்' என்றுதான் இருக்கிறது, அதில் வரி போடும் அதிகாரம் அடங்குமா என்பது கேள்வி. பதில் இல்லை என்று வந்தால் சாவி காங்கிரஸுக்குத் திரும்பி வரும். அந்தச் சபையில் சில பேருக்கு அதைவிடப் பெரிய கெட்ட செய்தி இருக்க முடியாது.

தோழர் துறைமுகம் | 9 நவம்பர், இரவு 8:30

எல்லாம் குடியரசுக் கட்சியாகவே பேசுகிறீர்கள். ஜனநாயகக் கட்சிக்கு இதில் வாய் இருக்கிறதா என்ன?

1993 வட அமெரிக்கத் தடையில்லா வணிக ஒப்பந்தம். கிளின்டன் அதிபர், சபையும் அவர் கட்சிக் கையில். ஒப்பந்தம் 234-200 என்று நிறைவேறியது, ஆதரவு ஓட்டில் எதிர்க்கட்சி 132, சொந்தக் கட்சி 102 மட்டுமே. சொந்தக் கட்சியில் 156 பேர் எதிர்ப்பு. அதிபருக்காகத் தலை எண்ண வேண்டிய கொறடாவே, மிச்சிகனின் போனியர், எதிர்ப்பு அணிக்குத் தலைமை தாங்கினார். தொழிற்சங்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போன அந்தக் கட்சியிலிருந்து கார்த் தொழிலாளிகள் மெதுவாக நகர ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். டிரம்ப் 2016இல் மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சினைத் தூக்கியது சும்மா இல்லை.

இப்போதும் பாருங்கள், கார் வரியை ஆட்டோ தொழிலாளர் சங்கத் தலைவர் ஷான் ஃபெயின் மார்ச்சில் வரவேற்றார். மெய்ன் மாநிலத்து ஜனநாயகக் கட்சி உறுப்பினர் கோல்டன், எல்லா இறக்குமதிக்கும் 10 சதவீதம் வேண்டும் என்று தானே மசோதா வைத்திருக்கிறார். பைடன் டிரம்பின் சீன வரிகளை எடுக்கவே இல்லை, மின்சாரக் காருக்கு 100 சதவீதம் ஆக்கினார். இன்றைக்கு 'வரியால் விலைவாசி' என்று அந்தக் கட்சி ஒரே குரலில் பேசுவது எதிர்க்கட்சியாக இருக்கும் வரைக்கும்தான். ஆட்சிக்கு வந்து எந்த வரியை எடுப்பது என்று பட்டியலைப் பிரிக்கட்டும், அப்போது பார்க்கலாம் கூத்தை.

மட்டுறுத்துநர் | 9 நவம்பர், இரவு 9:02

இரண்டு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. அமெரிக்க அதிபரையும் நம் ஊர் முதல்வர்களையும் ஒப்பிட்டுச் சண்டை போட வேறு இழை இருக்கிறது. இங்கே வேண்டாம்.

வாத்தியார் மகன் | 10 நவம்பர், காலை 7:20

டிரம்ப் அடிக்கடி பழைய அதிபர் மெக்கின்லியைப் புகழ்கிறாரே, அவர் காலத்தில் வரியால் கட்சி நன்றாகத்தானே இருந்தது?

வெள்ளிக்கிழமைச் சந்தை | 10 நவம்பர், காலை 7:55

அவர் பெயரில் வரிச் சட்டம் வந்தது 1890 அக்டோபர் 1, அப்போது அவர் அதிபர் இல்லை, சபை உறுப்பினர். அடுத்த மாதமே தேர்தல். குடியரசுக் கட்சி சபையில் தன் இடங்களில் பாதிக்கு மேல் இழந்தது, மெக்கின்லியும் தோற்றார். தொகுதி எல்லையை எதிர்க்கட்சி மாற்றி வரைந்ததும் சேர்ந்துகொண்டது. தகரப் பாத்திரம் விற்கும் தெரு வியாபாரிகளை எதிர்க்கட்சியே ஏற்பாடு செய்து, அஞ்சு சென்ட் குவளையை 25 சென்ட் சொல்லி, 'எல்லாம் மெக்கின்லி வரியம்மா' என்று வீடு வீடாகச் சொல்ல வைத்ததாக ஒரு கதை உண்டு. நிஜமோ கட்டுக்கதையோ, பிரசாரம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அப்புறம் 1896இல் அதே மனிதர் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். நடுவில் 1893 நிதி நெருக்கடி ஜனநாயகக் கட்சியின் தலையில் விழுந்திருந்தது. அதோடு அந்தக் கட்சியும் வரியில் அசிங்கப்பட்டிருந்தது: அதிபர் கிளீவ்லாந்து வரியைக் குறைக்கச் சொல்லி அனுப்பிய மசோதாவை அவர் கட்சி செனட்டர்களே 600க்கு மேற்பட்ட திருத்தங்களால் கொத்துக்கறி போட, அவர் கையெழுத்துப் போட மனமில்லாமல் 1894இல் தானாகச் சட்டமாக விட்டார்.

பின்னலாடை | 12 நவம்பர், இரவு 11:15

வணக்கம்ங்க. ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. திருப்பூரில் சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட், 32 மிஷின். பெரிய பனியன் கம்பெனிக்காரர் ஒருவருக்குத் தைத்துக் கொடுக்கிறோம். அவருக்கு அமெரிக்க பையர்.

ஆகஸ்ட் 7 அன்று 25 சதவீதம், 27 அன்று ரஷ்ய எண்ணெய்க்காக இன்னொரு 25. ஆகஸ்டு மாதமே கட்டிங் முடிந்து பண்டல் கட்டி வந்த துணி இருந்தது, மெரூன் நிறம், குழந்தைகள் சைஸ், கிறிஸ்துமஸ் மான் படம் போட்டது. 'தைக்க வேண்டாம், அப்படியே வையுங்கள்' என்று போன் வந்தது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. செக்கிங் பண்ணும் அக்கா ஒருவர் தினமும் அதன் மேல் துப்பட்டாவை மடித்து வைத்துவிட்டு வேலைக்கு உட்காருவார். இருபது பேர் இருந்த இடத்தில் இப்போது பதினோரு பேர்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதானுங்க. மேலே ஐயா சொன்னதில் சர்க்கரைக்கு லூசியானா, விஸ்கிக்குக் கென்டக்கி, சோயாவுக்கு அயோவா. எங்கள் பனியனுக்கு அங்கே எந்தத் தொகுதி?

சுருக்கெழுத்தர் | 13 நவம்பர், காலை 6:30

தம்பி, நேற்று இரவே படித்தேன், உடனே பதில் எழுதத் தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னால், உங்களுக்காகப் பேச அங்கே தொகுதி கிடையாது. உங்களுக்கு எதிராகப் பேச ஒரு காலத்தில் நிறைய இருந்தன: வட, தென் கரோலினா, ஜார்ஜியா நூற்பாலை ஊர்கள். தெற்கத்திய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தடையில்லா வணிகத்திலிருந்து பாதுகாப்பு வரிப் பக்கம் சாய்ந்ததில் அந்த ஆலைகளுக்குப் பெரிய பங்கு. இப்போது பெரும்பாலும் மூடிவிட்டன. அங்கே போடும் துணியில் மிகப் பெரும்பகுதி இறக்குமதி. ஆகவே உங்கள் வரி கூடினாலும் குறைந்தாலும் எந்த செனட்டருக்கும் தூக்கம் போகாது. பனியன் வாங்குகிற அம்மா எல்லாத் தொகுதியிலும் இருக்கிறார், அதனால் எந்தத் தொகுதியிலும் இல்லை.

அயோவா அண்ணாச்சி | 15 நவம்பர், காலை 8:10

நேற்று டிரம்ப் காபி, வாழைப்பழம், தக்காளி, மாட்டிறைச்சி எல்லாவற்றுக்கும் நாட்டுவாரி வரியிலிருந்து விலக்கு அறிவித்துவிட்டார். நவம்பர் 4 அன்று வர்ஜீனியா, நியூஜெர்சி ஆளுநர் தேர்தல்களில் அவர் கட்சி தோற்றது வேலை செய்திருக்கிறது என்று இங்கே பேச்சு. காபியும் வாழையும் இங்கே ஹவாய் மாதிரி ஓரிரு இடம் தவிர விளைவதில்லை, யாருக்கும் வருத்தமில்லை. மாட்டிறைச்சிதான் வம்பு. போன மாதம் அர்ஜென்டினா இறைச்சியைக் கூடுதலாக விடுவேன் என்று சொன்னதற்கே நெப்ராஸ்காவின் ஃபிஷர் அம்மா, அவர் கட்சி செனட்டர்தான், வெளிப்படையாக எதிர்த்தார். வரியை ஏற்றும்போது வாய் திறக்காத மாட்டுப் பண்ணைக்காரர்கள் குறைக்கும்போது கத்துகிறார்கள்.

சுருக்கெழுத்தர் | 15 நவம்பர், காலை 8:45

ஹான்காக்கை நான் முழுதாகக் கைவிட வேண்டியதில்லை போலிருக்கிறது.

பின்னலாடை | 15 நவம்பர், இரவு 10:20

பட்டியலை மகனை விட்டு முழுசாகப் படிக்கச் சொன்னேன்ங்க. டீத்தூள், மிளகு, முந்திரி, மாம்பழம் எல்லாம் இருக்கிறது. பனியன் இல்லை.

கம்பெனிக்காரர் இன்றைக்குப் போன் செய்தார். அந்த மெரூன் பண்டலை மான் படத்தோடு உள்ளூரில் கிலோ கணக்கில் எடுக்க ஒரு ஆள் கேட்கிறாராம். தைத்துக் கொடுத்தால் பீஸுக்கு பாதிக் கூலி. திங்கட்கிழமை மிஷின் ஓட்டுகிறோம்.